சங்கிலிமுனியின் சீமைப் பூட்டு

என் கையால் திறந்த முதல் பூட்டு எங்கள் வீட்டு அலமாரிப் பூட்டுதான். சர்க்கரை டப்பா உள்ளே, விருந்தாளிகள் வெளியே, சாவி மரியதாஸின் சட்டைப் பையில், மரியதாஸ் எஸ்டேட்டில். என் வீட்டுக்காரருக்கு எதையாவது பூட்டிவைக்காவிட்டால் சோறு இறங்காது. வந்த கோபத்தில் தலையிலிருந்த ஊசியைப் பிடுங்கி, மூலையில் கிடந்த உடைந்த குடையின் கம்பி ஒன்றை ஒடித்து, இரண்டையும் சாவித் துளைக்குள் விட்டுக் குடைந்தேன். திறக்கும் என்று நினைக்கவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லை, அதனால் பூட்டைக் குத்தினேன், அவ்வளவுதான். டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கொக்கி மேலே எழும்பிக்கொண்டது.

அன்றைக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேனா என்பதே நினைவில்லை. பூட்டைத் திரும்பப் பூட்டினேன், திரும்பத் திறந்தேன். சாயங்காலம் மரியதாஸ் வந்து சாவியை நீட்டியபோது, அதை வாங்காமல் அவர் கண் முன்னாலேயே இன்னொரு தரம் திறந்து காட்டினேன். மனுஷன் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மறுநாள் பெரிய பூட்டாக வாங்கிவந்து மாட்டினார். அதையும் திறந்தேன்.

நான் லூர்துசெல்வி. எண்பதுகளில் ஏற்காட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். பேசுவதற்கே சம்பளம் வாங்குகிறவள் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். சம்பளம் கொடுக்காவிட்டாலும் பேசுவேன் என்பது வேறு விஷயம். மனதில் பட்டதைச் சொல்லாமல் விழுங்கினால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும்.

அலமாரிப் பூட்டுக்குப் பிறகு எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பழைய பூட்டு எங்கே கிடந்தாலும் கேட்டு வாங்கிவந்தேன். ஏற்காட்டுக் காற்றில் உடையாத குடை கிடையாது, ஆகையால் கம்பிக்குப் பஞ்சமில்லை. மரியதாஸ் எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கும் மெஷின் ஷெட்டில் ஃபிட்டர். நான் நச்சரித்த நச்சரிப்பில் ஒரு கம்பியைத் தட்டையாகத் தட்டி நுனியை வளைத்துக் கொடுத்தார். அது பூட்டைத் திருகிப் பிடிக்க. இன்னொன்றை மெல்லியதாக அரத்தால் ராவி முனையை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டார். அது உள்ளே தடவிக் குத்த. பதிலுக்கு என்னிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். பூட்டுக்கு உடையவர் பக்கத்தில் நிற்காமல் எந்தப் பூட்டையும் தொடக் கூடாது. பைபிளைத் தொட்டுத்தான் சொன்னேன்.

ஒரு மார்கழி மாதத்துக் காலையில் காளியாயி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. வெள்ளக்கடைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவள். சொந்தக் காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்து ஒண்டிக்கடை முக்கில் ஒரு சின்னக் கடை போட்டு விற்கிறாள். அவளுடைய காப்பித்தூளில் பாதி சிக்கரி என்று ஒருநாள் கடை முன்னால் நின்று நான் சொல்லப்போக, கூட்டம் கூடி, பெரிய ரகளையாகிவிட்டது. அதன் பிறகு நெடுங்காலம் அவள் என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். சமீபமாகத்தான் பஸ்ஸில் பார்த்தால் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் சிக்கரி சிக்கரிதான், அதில் நான் ஒரு சொல்லையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏனுங்கக்கா, சாவி இல்லாத பூட்டெல்லாம் தொறப்பீங்களாமா? ஊருக்குள்ள பேசிக்கறாங்க."

ஊர் பேசுகிறது என்று கேட்டதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எந்தப் பூட்டு, கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவர முடியாது, அது சங்கிலிமுனி கோயிலில் தொங்குகிறது என்றாள்.

வெள்ளக்கடைக்குப் போகிற வழியில், சில்வர் ஓக் மரங்கள் முடிகிற இடத்தில் இருக்கிறது அந்தக் கோயில். கோயில் என்றால் கூரை கிடையாது. ஆள் உயரத்துக்கு ஒரு கல், சுற்றிலும் வேல்கள், ஒரு வேலிலிருந்து இன்னொரு வேலுக்கு இரும்புச் சங்கிலி. சங்கிலி முழுக்கப் பூட்டுகள். யாருடைய வாய் தாங்க முடியவில்லையோ, அவர் பெயரை மனதுக்குள் சொல்லி ஒரு பூட்டைப் பூட்டிவிட்டு வந்தால் முனி அந்த வாயைக் கட்டிவிடுவார் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. சண்டை தீர்ந்ததும் பூட்டினவரே வந்து திறக்க வேண்டும். திறக்கும்போது அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி, ஆளைக் கூப்பிட்டு, வாயில் ஒரு கட்டி வெல்லம் போட வேண்டும். அதுவரைக்கும் பெயரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. ஆள் வராவிட்டால் வெல்லத்தை எறும்புக்குப் போட்டுவிட்டுப் போவார்கள்.

சாவியைப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். இந்த ஜென்மத்தில் சமாதானமே வேண்டாம் என்கிற அளவுக்கு ஆத்திரம் வந்தவர்கள் சாவியை உண்டியலில் போட்டுவிடுவார்கள். காளியாயி உண்டியலில் போட்டிருந்தாள். போன ஆடித் திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் உண்டியலில் சேர்ந்த சாவிகளையெல்லாம் உருக்கிக் கோயிலுக்கு மணி வார்த்துவிட்டார்கள்.

"என் சாவி இப்ப அந்த மணிக்குள்ளாறதான் இருக்குதுங்க. அடிச்சா கேக்குது, எடுக்கத்தான் முடியல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவளுடைய மகள் அத்தாயிக்கு மஞ்சக்குட்டையில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. தையில் கல்யாணம். இரண்டு குடும்பத்துக்கும் சங்கிலிமுனிதான் காவல் தெய்வம், அந்தக் கோயில் வாசலில்தான் பந்தக்கால் ஊன்றி ஆரம்பிக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவள் பூட்டிய பூட்டு சங்கிலியில் தொங்கும்போது பந்தக்கால் ஊன்ற மாட்டேன் என்று பூசாரி மாதேஸ்வரன் கையை விரித்துவிட்டார். ரம்பத்தால் அறுத்தால் என்ன என்று கேட்டேன். அறுத்தால் பூட்டினவளின் வாய் போய்விடுமாம்; அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் இப்போதே முனகுகிறார்களாம். ஏற்கனவே ஒரு தரம் தள்ளிப்போன கல்யாணம் அது. இந்தத் தை தவறினால் அவர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை அத்தாயி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள்.

யார் வாயைப் பூட்டினீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருப்பேனா. அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தொறக்கறப்பத்தானுங்க சொல்லோணும் என்றாள். அவள் சொல்லாவிட்டால் என்ன, எனக்குத் தெரியாதா. நிச்சயமாக அது அவளுடைய நாத்தனார் கண்ணாயியின் வாய்தான். கண்ணாயி வெள்ளக்கடையில் இருமினால் ஒண்டிக்கடையில் தேநீர் சிந்தும். நானே கடனுக்குப் பூட்டு வாங்கிப் பூட்டியிருப்பேன்.

காளியாயி மடியிலிருந்து ஒரு பூட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். தகடு தகடாக அடுக்கித் தறைந்த கனமான பூட்டு, கொக்கி மட்டும் விரல் தடிமன். பழைய எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போனபோது அவர் பங்களா சாமானை ஏலம் விட்டார்கள். அதில் காளியாயி வாங்கிய ஜோடிப் பூட்டில் ஒன்று இது. ஆட்டுப்பட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றுதான் முனியிடம் இருக்கிறது. பெரிய வாய்க்குப் பெரிய பூட்டாகப் போட வேண்டும் என்று அதைத் தேர்ந்தெடுத்தாளாம். இதன் சாவி அதற்குச் சேரவில்லை. உள்ளே போகிறது, திரும்பவில்லை. இதைத் திறக்கக் கற்றுக்கொண்டால் அதையும் திறந்துவிடலாம் இல்லையா என்று கேட்டாள்.

"ஒரு வாரம் போதும்" என்றேன். என் வாய் எப்போதும் என் கைக்கு முன்னால் ஓடும்.

ஒரு வாரத்தில் என் விரல் நுனியெல்லாம் கொப்பளித்ததுதான் மிச்சம். மற்ற பூட்டுகள் எனக்கு அத்துப்படியாகியிருந்தன. உள்ளே ஓர் உருளை, அதன்மேல் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளை ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு சுருள்கம்பி. சாவி போட்டால் எல்லா ஆணியும் சரியான உயரத்துக்கு ஏறி வழிவிடும். சாவி இல்லாவிட்டால் உருளையை லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, இறுகி நிற்கிற ஆணியைத் தேடித் தள்ள வேண்டும். டிக்கென்று ஒன்று ஏறும், அடுத்தது இறுகும். அதையும் தள்ளினால் அடுத்தது. இவ்வளவுதான் வித்தை. ஆனால் இந்தச் சீமைப் பூட்டு என்னிடம் விளையாடியது. ஆணிகளை ஏற்றிக்கொண்டே போவேன், உருளை மெல்லத் திரும்பும், ஆஹா என்று மனம் துள்ளும். நெல்லளவு திரும்பி அப்படியே நின்றுவிடும். கொக்கி அசையாது. நான் பலமாகத் திருகுவேன், அது இன்னும் இறுகும். திருகிய திருகில் மூன்று கம்பிகள் முறிந்தன. பூட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். சுவர்தான் பெயர்ந்தது.

திறந்த பூட்டு என்று நினைத்து ஏமாந்து நிற்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் தெரியுமா. யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் இருந்த குஷிக்கு அளவே இல்லை. கோபமும் குஷியும் ஒன்றாக வந்தால் மனுஷிக்குப் பசி எடுக்காது. காலையில் கண் விழித்ததும் கை பூட்டைத் தேடும். எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும்போதும் கட்டைவிரல் தானாகத் திருகிக்கொண்டிருக்கும்.

கடைசியில் காளியாயியிடம் கேட்டுவிட்டு மரியதாஸ் பூட்டின் அடித்தகட்டை அரத்தால் ராவிக் கழற்றினார். வெள்ளைத் துணி விரித்து ஆணிகளை ஒவ்வொன்றாக அதில் கொட்டினோம். பார்த்ததும் நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். அந்த ஆணிகளில் மூன்று மற்றவை மாதிரி நேராக இல்லை. இரண்டு பக்கமும் தடித்து நடுவில் இடுப்பு ஒடுங்கி, முனி கோயில் பூசாரி கையில் இருக்கிற உடுக்கை மாதிரியே இருந்தன, அரிசியளவில். மேலே தள்ளும்போது அந்த ஒடுங்கிய இடுப்பு உருளையின் ஓரத்தில் மாட்டிக்கொள்கிறது. அந்த இடைவெளியில்தான் உருளை நெல்லளவு திரும்பி, திறந்துவிட்டதாக நம்மை நம்பவைக்கிறது. திருடனை ஏமாற்றுவதற்கென்றே எந்தப் புண்ணியவானோ உட்கார்ந்து கடைந்திருக்கிறான். அவன் எதிரில் இருந்தால் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓர் அறையும் விட்டிருப்பேன்.

மரியதாஸ் தறையாணிக்குப் பதில் போல்ட் போட்டுப் பூட்டைத் திரும்பச் சேர்த்தார். வேண்டும்போது கழற்றலாம், வேண்டும்போது மாட்டலாம். முதலில் ஒரே ஓர் உடுக்கை ஆணியை மட்டும் உள்ளே போட்டுப் பழகச் சொன்னார். ஒன்றே ஒன்று. அதுவும் நெல்லளவு திரும்பி நின்றது. நோய் என்னவென்று தெரிந்துவிட்டது, மருந்துதான் தெரியவில்லை.

மருந்து மலைப்பாதையில் கிடைத்தது. ஆபீஸ் வேலையாகச் சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுவிட்டது. எதிரே மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல், மூக்கைப் பாறையில் வைத்துக்கொண்டு உறுமியது. டிரைவர் முன்னாலேயே அழுத்திக்கொண்டிருந்தார். கிளீனர் கீழே குதித்து, கொஞ்சம் பின்னால் விடச் சொல்லிக் கையை ஆட்டினான். டிரைவர் பிரேக்கை மெல்ல விட்டார். லாரி ஒரு முழம் பின்னால் சரிந்தது. கிளீனர் சக்கரத்துக்குக் கல் வைத்தான். அப்புறம் ஸ்டீயரிங்கை ஒடித்தார், லாரி வளைந்து மேலே போய்விட்டது. இதை ஆயிரம் தரம் பார்த்திருப்பேன். அன்றைக்கு மட்டும் அது வேறு மாதிரித் தெரிந்தது. நான் பஸ்ஸுக்குள் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் வாந்தி வருகிறதா என்று கேட்டு எலுமிச்சம்பழத்தை நீட்டினாள்.

இறுக்கிப் பிடித்தால் இடுப்பு மாட்டிக்கொள்கிறது. அப்படியானால் பிடியைத் தளர்த்த வேண்டும். ஆணியை மேலே தள்ளிக்கொண்டே, திருகும் கையை மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். உருளை பின்னால் வரும். வரட்டும். தோற்கிற மாதிரிதான் இருக்கும். நான் பிறந்ததிலிருந்து பிடித்த பிடியை விட்டவள் இல்லை, என் அம்மாவைக் கேட்டால் சொல்லுவாள். சேலத்தில் என்ன வேலை பார்த்தேன் என்று நினைவில்லை. திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பூட்டைக் கையில் எடுத்தேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆணியைத் தள்ளினேன். பொய்யாகத் திரும்பி நின்றது. கட்டைவிரலை மயிரிழை தளர்த்தினேன். உருளை என் விரலுக்கு எதிராகப் பின்னால் நகர்வது தெரிந்தது, உயிருள்ள ஒன்று அசைகிற மாதிரி. தளர்த்தினேன், தள்ளினேன், டிக். உருளை முழுசாகச் சுற்றியது.

ஒரே ஆணிதான். ஆனாலும் அடுக்களைக்கும் வாசலுக்குமாக ஓடினேன். அடுத்த நாள் இரண்டு உடுக்கை. அது கஷ்டம், ஏனென்றால் ஒன்றுக்காகத் தளர்த்தினால் ஏற்கனவே ஏறிய ஆணி கீழே விழுந்துவிடும். விழுந்ததைத் திட்டாமல் திரும்ப ஏற்ற வேண்டும். திட்டாமல் என்பதுதான் கஷ்டம். மார்கழி முடிவதற்குள் எல்லா ஆணியும் போட்ட முழுப் பூட்டு ஒருநாள் காலையில் என் கையில் திறந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மரியதாஸிடம் ஓடினேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் போட்ட கூச்சலில் தாடையைக் கீறிக்கொண்டார். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே பூட்டை வாங்கிப் பார்த்து, "உன்ன வெச்சுக்கிட்டு நான் எதைத்தான் பூட்டறது" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையை இன்றைக்கும் மறக்கவில்லை.

பந்தக்கால் ஊன்றுகிற நாள் வந்தது. விடிந்து நெடுநேரமாகியும் பனி விலகவில்லை. இரண்டு வீட்டுச் சனமும் கோயில் முன்னால் கூடியிருந்தது. பூட்டினவள் பக்கத்தில் நின்றால் வேறு கை திறந்தாலும் செல்லும் என்று பூசாரி ஒப்புக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் முனியப்பன் கையைக் கட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாயி முன்வரிசையில் நின்று, கூட்டத்துக்கு என்னைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தாயி மட்டும் தூரத்தில் மஞ்சள் சேலையில் தலை குனிந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் என் வாயிலிருந்த கேலியெல்லாம் அடங்கிவிட்டது. இதுவரைக்கும் எனக்கு விளையாட்டு, அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை. கைகள் சில்லிட்டுப் போயிருந்தன. பொங்கல் வைத்த அடுப்பில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு, மனதுக்குள் மாதாவைக் கும்பிட்டுவிட்டு, முனியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன்.

பூட்டைத் திருப்பிப் பார்த்தேன், பகீரென்றது. சாவித் துளை முழுக்க மண். குளவி கூடு கட்டியிருந்தது. இதைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தையல் ஊசியால் மண்ணைத் துளித் துளியாகக் குத்தி எடுத்தேன். மரியதாஸ் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். துடைத்துக் காயவைத்து, பென்சிலை ராவி அந்தக் கரித்தூளை உள்ளே ஊதினேன். நேரம் போனது. நல்ல நேரம் முடிந்துகொண்டே வருகிறது என்று பூசாரி மெதுவாகச் சொன்னார்.

கம்பிகளை விட்டேன். பழைய துரு, ஆணிகள் மெத்தனமாக ஏறின. ஒன்று, இன்னொன்று, அப்புறம் உருளை நெல்லளவு திரும்பியது. பக்கத்தில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திறந்துவிட்டது என்று கத்தினார்கள். யாரோ குலவைகூடப் போட்டார்கள். இது பொய் என்று நான் சொன்னேன். 

தளர்த்தினேன். உருளை பின்னால் வந்தது. முதல் உடுக்கை ஏறியது. இரண்டாவதுக்குத் தளர்த்தும்போது கொஞ்சம் அதிகமாக விட்டுவிட, எல்லா ஆணியும் சடசடவென்று விழுந்துவிட்டன. முதலிலிருந்து ஆரம்பித்தேன். திரும்பவும் விழுந்தது. கண்ணாயி ஏதோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். முனியப்பன் கையை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"போதுமுங்க. இது ஆகற காரியமில்ல. நாங்க கெளம்பறோம்."

காளியாயி அவர் காலில் விழப்போனாள். நான் பூட்டை விட்டுக் கையை எடுக்கவில்லை. இன்னும் ஒரு தரம், ஒரே ஒரு தரம் என்று அவரிடம் கேட்டேன். நான் யாரிடமும் கெஞ்சியதில்லை, அன்று கெஞ்சினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் போய்விட்டது. குளிர் போய்விட்டது. என் விரலும் அந்த உடுக்கைகளும் மட்டும்தான் இருந்தன. ஒன்று ஏறியது. தளர்த்தினேன், பின்னால் வா, வா, பயமில்லை. இரண்டு. இப்போது ஒரு நேரான ஆணி விழுந்தது, விழட்டும், திரும்ப ஏற்றினேன். மூன்றாவது உடுக்கைக்கு உருளை முழுசாகப் பழைய இடத்துக்கே போய்விடும் போலிருந்தது. அத்தனை விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்த இடத்தில் டிக்கென்றது.

உருளை சுற்றியது. கொக்கி என் உள்ளங்கையில் குதித்தது.

என்ன சத்தம் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான்தான் அதிகம் கத்தினேன் என்று மரியதாஸ் பிறகு சொன்னார். அத்தாயி ஓடிவந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும். பூசாரி பூட்டைச் சங்கிலியிலிருந்து கழற்றி முனியின் காலடியில் வைத்து, பெயரைச் சொல்லும்படி காளியாயியிடம் வெல்லத் தட்டை நீட்டினார்.

கூட்டம் கண்ணாயியைப் பார்த்தது. கண்ணாயிக்கும் சந்தேகம் இருந்திருக்கும் போல. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆனாலும் வெல்லத்தை விட மனமில்லாமல், ஓர் அடி முன்னால் வந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தயாரானேன்.

காளியாயி இருக்கிறதிலேயே பெரிய கட்டியாக எடுத்தாள். கண்ணாயியைத் தாண்டி நடந்தாள். என் முன்னால் வந்து நின்றாள்.

"சங்கிலிமுனியே, டெலிபோன் லூர்துசெல்வியக்கா வாயத்தான் பூட்டினேன். இப்ப தொறந்து உட்டுட்டேன் சாமி."

நான் திகைத்து வாயைத் திறந்தேன். வெல்லம் உள்ளே போய்விட்டது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, நெற்றி நரம்பு தெறித்தது. என் வாயா. என் வாயைத் திறக்கவா நான் விரல் தேய்ந்தேன். அதுவும் பூட்டு தொங்கின அத்தனை காலமும் ஒருநாள்கூட நான் பேச்சை நிறுத்தியதில்லையே. உங்கள் முனி என்ன தூங்கிக்கொண்டிருந்தாரா என்று கேட்க வேண்டும், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும், இன்னும் எத்தனையோ கேட்க வேண்டும். ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிப் பார்த்தேன். கொழுக்கட்டை அளவுக் கட்டி, நாக்கு புரளவில்லை. கண்ணாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முனியப்பன்கூடச் சிரித்தார்.

காளியாயி சிரிக்கவில்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது. பூசாரி மணியை அடிக்க ஆரம்பித்தார், அவள் சாவியும் சேர்ந்து உருகிய மணி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் என் காதோரம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"பாதி இல்லீங்கக்கா. கால் பங்குதான் சிக்கரி கலந்தேன்."

வெல்லம் கரையும்வரை நான் ஒன்றும் பேசவில்லை. கரைந்த பிறகும் பேசவில்லை. எங்கேயோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று எனக்குள் நெல்லளவு பின்னால் நகர்ந்தது, அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. பந்தக்காலுக்குக் கை வைக்கக் கட்டுக்கழுத்திப் பெண்களை வரச் சொல்லிப் பூசாரி கூப்பிட்டார். நான் வேதக்காரி, ஒதுங்கி நின்றேன். காளியாயி என் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தாள். விரலெல்லாம் பென்சில் கரியாக இருந்தது, துடைக்கக்கூட விடவில்லை.